ஏறி வருகிறவருக்கு வழி விடு

கண்ணு,

எங்கள் சேலம் பக்கத்தில் பையனோ பெண்ணோ, பிரியமாகக் கூப்பிட இந்த ஒரு சொல் போதும். நீ மலை சைக்கிள் வாங்கியிருக்கிறாய், லீவுக்கு ஏற்காடு வந்து முறையாகப் பழகப் போகிறாய் என்று கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷம் பாதி, கவலை பாதி. அறுபத்தேழு வயதில் எனக்குத் தெரிந்ததை எழுதித் தருகிறேன். இதில் பெரும்பகுதி நான் தப்பாகச் செய்து, பிறகு தெரிந்துகொண்டது.

நான் சைக்கிள் பழகியது செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களில், வாடகை சைக்கிளில். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல். ஊருக்கு வடக்கே சேர்வராயன் மலை நீலமாக நிற்கும். சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பதினெட்டு வயதில் கியர் இல்லாத சைக்கிளில், பாதி தூரம் தள்ளிக்கொண்டே முதல்முறை ஏறினேன். அதன்பின் முப்பது வருஷம் கால் பலத்தையும் தைரியத்தையும் மட்டும் நம்பி ஓட்டினேன். ஐம்பதாவது வயதில்தான் ஒருவரிடம் போய்க் கற்றுக்கொண்டேன். அந்த முப்பது வருஷம் உனக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. தெரியும் என்ற நினைப்பை அடிவாரத்திலேயே இறக்கி வை

நான் போய்ச் சேர்ந்த பயிற்சியாளருக்கு என் வயதில் பாதி. "முப்பது வருஷமா ஏற்காடு ஏறி இறங்குறவன் நான்" என்றேன். "சரிங்க ஐயா, ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க" என்றார். ஓட்டினேன். கடைசிவரை ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்க, சமதரையில ஆரம்பிக்கலாம்" என்றார். மூன்று நாள் ஒரு பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன், பெடல்மேல் நின்றபடி. முதல் நாள் கோபம். இரண்டாம் நாள் வெட்கம். மூன்றாம் நாள்தான் என் வலது தோள் இத்தனை காலமும் இறுகியே இருந்திருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. இறக்கத்தில் நான் எப்போதும் இடது பக்கமாகவே இழுபட்டதற்குக் காரணம் சைக்கிள் என்று நினைத்து எத்தனை முறை மெக்கானிக்கிடம் சண்டை போட்டிருப்பேன்! நம் குறை நம் முதுகு மாதிரி, கண்ணு. இன்னொருவர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்கிறவர் உன்னைவிட இளையவராக இருந்தாலும் நின்று கேட்டுக்கொள்.

2. சத்தம் போடாமல் பார்க்கத் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்

நல்ல பயிற்சியாளர் முதலில் உன்னை ஓட்டவிட்டுப் பார்ப்பார். பிறகு ஒரு நேரத்துக்கு ஒரு திருத்தம்தான் சொல்வார். கடினமானதைச் சின்னச் சின்னத் துண்டாக்கித் தருவார். தானே மெதுவாகச் செய்து காட்டுவார். அவர் பையில் முதலுதவிப் பெட்டி இருக்கும். நீ பயந்தால் கேலி செய்ய மாட்டார். எந்த இடத்தில் பயம் வருகிறது என்று கேட்பார்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு பாவத்தால் வந்தது. நாலு விஷயம் கற்றுக்கொண்டதும் நானும் நாலு பையன்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தேன். ஒரு பையன் இடுப்பளவு பாறைத் திட்டுக்கு முன்னால் வந்து வந்து நின்றான். "பயப்படாம விடுடா!" என்று கத்தினேன். விட்டான். மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது: அவன் பயத்தை வென்று இறங்கவில்லை, என் சத்தத்துக்குப் பயந்து இறங்கியிருக்கிறான். கை சேர்ந்துவிட்டது. ஆனால் அவன் மறுபடி சைக்கிளைத் தொடவில்லை. "இன்னைக்கு வேண்டாங்க" என்று நீ சொல்லும்போது "சரி" என்கிறவரிடம் மட்டும் கற்றுக்கொள்.

3. நிற்கப் பழகிய பிறகு ஓடு

"முன் பிரேக்கைப் பிடிக்காதே, பல்டி அடிப்பாய்." சின்ன வயதில் இதைக் கேட்காத பிள்ளை நம் ஊரில் கிடையாது. அதை நம்பி நான் பின் பிரேக்கை மட்டுமே பிடித்து வந்தேன். ஒருமுறை குப்பனூர் வழியாக இறங்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சருகின்மேல் வழுக்கியது. இடது முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

பிரேக் பிடிக்கும்போது உடம்பின் பாரம் முன்னால் சாய்கிறது. பாரம் ஏறிய முன்சக்கரம் தரையைப் பற்றிக்கொள்ளும். பாரம் குறைந்த பின்சக்கரம் வழுக்கும். ஆகவே நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். கையை விறைத்து, உடம்பை முன்னால் விட்டு, ஒரே அடியாக அழுத்துகிறவன்தான் பல்டி அடிக்கிறான். நீ ஆள்காட்டி விரலை மட்டும் பிரேக்கில் வை, மற்ற விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கட்டும். குதிகாலைத் தாழ்த்து, இடுப்பைக் கொஞ்சம் பின்னுக்கு வாங்கு. எலுமிச்சம்பழத்தைப் பிழிகிற மாதிரி சிறுகச் சிறுக அழுத்து. சக்கரம் திரும்பியிருக்கும்போது மட்டும் முன் பிரேக்கை நெருக்காதே. எந்தக் கையில் எந்தப் பிரேக் என்பதைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள். மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் நிற்கப் பழகு. ஐம்பது முறை.

இன்னொன்று. மலை முழுக்கப் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதே. 1976-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் என்ற பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மண்பாதையில் இறங்கிப் போட்டி போட்டார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கிற வகைப் பிரேக். அடிவாரம் வருவதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி புதிதாக அடைக்க வேண்டும். திரும்பத் திரும்ப அடைக்க வைத்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அங்கே வளர்ந்த விளையாட்டுதான் இருபது வருஷம் கழித்து, 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. சைக்கிள் எவ்வளவோ மாறிவிட்டது, சூடு மாறவில்லை. தேவையான இடத்தில் அழுத்து. வேகம் குறைந்ததும் விடு. பிரேக்குக்கும் மூச்சுவிட நேரம் கொடு.

4. கண் போகிற இடத்துக்குத்தான் சக்கரம் போகும்

நாகலூர் பக்கம் ஒரு வண்டிப்பாதையில் ஒரே ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. பாதையின் அகலம் ஆறடி. "அந்தக் கல்லில் மட்டும் மோதக் கூடாது" என்று அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். நேராக அதில்தான் மோதினேன். கண் எதைப் பிடித்துக்கொள்கிறதோ, தோளும் கையும் சக்கரமும் அதை நோக்கியே போகும். கல்லை ஒருமுறை பார், குறித்துக்கொள். பிறகு அதன் பக்கத்தில் இருக்கிற வழியைப் பார். வேகம் கூடக் கூடப் பார்வை தூரம் போகட்டும். முன்சக்கரத்தைக் குனிந்து பார்க்காதே, அதற்குத் தன் வேலை தெரியும். வளைவில் உன் முகவாய் வளைவு முடிகிற இடத்தைக் காட்டட்டும்.

வாழ்க்கையில் நான் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்த பல விஷயங்களில் போய் மோதியதும் இப்படித்தான்.

5. மலைப் பேருந்தில் நடத்துநர் நிற்பதைப் பார்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் ஒருமுறை வா, ஜன்னலை விட்டுவிட்டு நடத்துநரைப் பார். வண்டி வளைவில் திரும்பும்போது உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் மட்டும் ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறையோடு நின்றுகொண்டிருப்பார். கால் அகலம், முழங்கால் தளர்வு, பாரம் முழுவதும் பாதத்தில். வண்டி ஆடும், அவர் மேலுடம்பு ஆடாது.

இறக்கத்தில் நீ நிற்க வேண்டியதும் அப்படியேதான். சீட்டைத் தாழ்த்திக்கொள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில். முழங்காலும் முழங்கையும் மடங்கி, முழங்கை கொஞ்சம் வெளியே விரிந்து. பாரம் காலில், கை வெறுமனே வழிகாட்ட. பாறை வந்தால் சைக்கிள் உனக்கு அடியில் ஏறி இறங்கட்டும். உன் தலை ஒரே உயரத்தில் போகட்டும். என் பயிற்சியாளர் இதற்காக என்னை ஓட்டிக்கொண்டே பாடச் சொல்வார். பயம் முதலில் வந்து உட்காரும் இடம் தாடை. பாடுகிறவனால் பல்லைக் கடிக்க முடியாது. நீயும் பாடு, கேட்க யாரும் இல்லை.

6. மெதுவாகப் போகத் தெரிந்தவருக்கு வேகம் தானாக வரும்

பொங்கல் விளையாட்டு விழாவில் ஸ்லோ சைக்கிள் போட்டி பார்த்திருப்பாய். காலைத் தரையில் ஊன்றாமல் கடைசியாக வந்து சேர்கிறவருக்குப் பரிசு. சின்ன வயதில் அதைப் பெண்பிள்ளைகள் விளையாட்டு என்று ஒதுக்கினேன். ஜெயித்தவள் என் தங்கை. அவளுக்கு அன்றே வந்த சமநிலை எனக்கு வர முப்பது வருஷத்துக்கும் மேல் ஆனது.

வேகமாகப் போகும்போது சைக்கிள் தானாக நிமிர்ந்து நிற்கும். உன் பிழையை வேகம் மறைத்துவிடும். மெதுவாகப் போனால் ஒரு பிழையும் ஒளியாது. ஆகவே மலைக்குப் போகும் முன் தினம் பத்து நிமிஷம், நடக்கிறவரைவிட மெதுவாக ஓட்டு. செருப்பையும் செங்கல்லையும் வரிசையாக வைத்து அவற்றுக்குள் வளைந்து போ. பிறகு இரண்டு பெடலையும் சமமாக வைத்து, பிரேக்கை லேசாகப் பிடித்து, ஒரே இடத்தில் மூன்று எண்ணும்வரை நில். மூன்று ஐந்தாகும், ஐந்து பத்தாகும். குறுகலான பாதையில், ஒரு பக்கம் பள்ளம் இருக்கும்போது, உன்னைக் காப்பாற்றுவது இந்தப் பத்து எண்ணிக்கைதான்.

7. ஒரு நாளைக்கு ஒன்று

ஒரே நாளில் பிரேக், வளைவு, குதித்தல் என்று எல்லாவற்றையும் பழகாதே. இன்று கண் என்றால் இன்று முழுக்கக் கண். நாளை குதிகால். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று இரண்டு வரி எழுது. களைத்த பிறகு பழகினால் உடம்பு தப்பைத்தான் மனப்பாடம் செய்யும். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று மனசு சொல்லும் நேரம்தான் நிறுத்த வேண்டிய நேரம். நான் பெரிதாக விழுந்த மூன்று தடவையும் அந்த ஒரே ஒரு தடவையில்தான். வாரத்தில் ஒரு நாள் சைக்கிளைத் தொடாதே. நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. கற்றது உடம்பில் ஊறுவது தூக்கத்தில்.

8. பேசுகிற மூச்சில் ஏறு

இருபது வயதில் ஒரு நண்பனோடு பந்தயம் கட்டி அடிவாரத்திலிருந்து நின்று மிதித்தேன். ஏழாவது வளைவில் வாந்தி எடுத்துச் சாலையோரத்தில் படுத்தேன். அவனும் பந்தயத்தை மறந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தான். அன்று யாரும் மேலே போகவில்லை.

ஏற்றத்தில் பக்கத்தில் வருகிறவரோடு இரண்டு வாக்கியம் பேச முடிகிற மூச்சில் மிதி. வார்த்தை உடைந்தால் கியரைக் குறை. சாய்வு தொடங்கிய பிறகு கியரை மாற்றாதே, கண்ணில் பட்டதுமே மாற்று. முழுப் பாரத்தில் மாற்றினால் செயின் தவறும், சமயத்தில் அறுந்தும் போகும். செங்குத்தான மண்பாதையில் எழுந்து நின்றால் பின்சக்கரம் சுழலும், பின்னால் சாய்ந்தால் முன்சக்கரம் தூக்கும். சீட்டின் முனைக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி, இரண்டுக்கும் நடுவில் இரு. தாகம் எடுக்கும் முன் தண்ணீர் குடி. வளைவுகளில் எண் எழுதிய பலகை இருக்கும். எத்தனை மிச்சம் என்று எண்ணாதே. அடுத்த பலகை மட்டும் உன் ஊர் என்று வைத்துக்கொள். அப்படி இருபது ஊர் தாண்டினால் ஏற்காடு.

9. வளைவுக்குள் நுழையும் முன்பே முடிவு செய்

வேகத்தை வளைவுக்கு முன்னால் குறை. உள்ளே போன பிறகு பிரேக்கை நெருக்கினால் டயருக்குத் திரும்பவும் பிடி இருக்காது, நிற்கவும் பிடி இருக்காது. வெளிப்பக்கக் காலைத் தாழ்த்தி அதன்மேல் பாரத்தை ஊன்று. சைக்கிளைச் சாய், உன் உடம்பைக் கொஞ்சம் நிமிர்த்தியே வை. தார்ச்சாலையில் எப்போதும் உன் இடது ஓரம்தான். எதிரே வரும் லாரிக்கு வளைவின் அகலம் முழுவதும் வேண்டியிருக்கும் என்று எண்ணியே இறங்கு.

மலைச்சாலையில் ஒரு பழைய விதி உண்டு: இறங்குகிற வண்டி, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். ஏறுகிறவர் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்பது மிதித்தவருக்குத் தெரியும். ஒற்றையடிப் பாதையிலும் இதையே கடைப்பிடி. தலையில் விறகுக்கட்டோடு ஏறி வரும் அம்மாவுக்கு முன்னால் நீ சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாக நில். உன் இறக்கம் எங்கும் ஓடிவிடாது.

10. தெரியாத இடத்தில் இறங்கி நட

2023 அக்டோபரில் கேரளத்துப் பொன்முடியில் ஆசிய மலை சைக்கிள் போட்டி நடந்தது. பல நாட்டு வீரர்கள் வந்து ஓட்டிய மலை நம் பக்கத்து மாநிலத்து மலைதான். அந்த மட்டத்து வீரர்கள் போட்டிக்கு முன்பே பாதையைச் சுற்றிப் பார்ப்பார்கள்; கடினமான பாறையில் நின்று, இறங்கி, கையால் தொட்டு, மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்து, எந்த வழியில் சக்கரம் போகும் என்று முடிவு செய்துகொள்வார்கள். அவர்களே நடந்து பார்க்கும்போது நமக்கு என்ன வெட்கம்?

இறங்கி நட. பாறை ஈரமா, சில்வர் ஓக் இலை மூடியிருக்கிறதா, அடுத்த பக்கம் எங்கே போய் முடிகிறது என்று பார். மூன்றுமுறை பார்த்தும் மனசு ஒப்பவில்லை என்றால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போ. நான் வீம்புக்கு ஓட்டிய பாறை எதுவும் என்னை நினைவில் வைத்திருக்கவில்லை. தள்ளிக்கொண்டு போன இடங்களுக்கெல்லாம் அடுத்த வருஷம் திரும்பி வந்து ஓட்டியிருக்கிறேன்.

11. விழுவாய், அதற்கும் தயாராகப் போ

ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாதே. கையுறையும் முழங்கால் காப்பும் போடு. முதலில் ஊன்றுவது உள்ளங்கைதான். தனியாக மலைப்பாதைக்குப் போகாதே. எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போ. விழுந்தால் உடனே துள்ளி எழாதே. படுத்தபடியே விரல், கை, கழுத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார். தலையில் அடிபட்டிருந்தால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது, டாக்டரிடம் போ. இதில் பேச்சே இல்லை.

பஞ்சர் ஒட்ட, செயின் மாட்ட நீயே கற்றுக்கொள். மாற்று ட்யூபும் பம்பும் பையில் இருக்கட்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இங்கிலாந்து வீரர் டாம் பிட்காக் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது பஞ்சர் ஆனது. சக்கரம் மாற்றுவதற்குள் அரை நிமிஷத்துக்கும் மேல் பின்தங்கினார். பதறி ஒரேயடியாகத் துரத்தவில்லை. ஒவ்வொருவராகப் பிடித்து, கடைசிச் சுற்றில் முந்தித் தங்கம் வாங்கினார். டயர் யாருக்கும் போகும். அதற்குப் பிறகு மனசில் காற்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நீயே துடை. துணி போகிற இடத்துக்குக் கண்ணும் போகும். ஒருநாள் செம்மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஃப்ரேமில் தலைமுடி மாதிரி ஒரு கோடு விரலில் தட்டியது. விரிசல். மறுநாள் காலை அதில்தான் இறங்குவதாக இருந்தேன்.

12. வழி உன்னுடையது இல்லை; கேட்டுவிட்டுப் போ

இருநூறு வருஷத்துக்கு முன் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் இங்கே காபியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்த மலையில் எஸ்டேட்டுகள் இருக்கின்றன. நீ பாதை என்று நினைப்பது ஒருவருடைய தோட்டத்து வழி, இன்னொருவர் பள்ளிக்கூடம் போகும் வழி, மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து போட்ட வழி. எஸ்டேட்டில் கேட்டு நுழை. காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஜனங்கள் வரும்போது சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு நட. காபி பறிக்கும் நாளில் களத்தில் காயும் கொட்டைமேல் உன் டயர் தடம் விழக் கூடாது. காட்டெருமை எதிர்ப்பட்டால் தூரத்திலேயே நில். மணி அடிக்காதே, படம் எடுக்கக் கிட்டே போகாதே. அது போன பிறகு நீ போ.

மழை நின்ற மறுநாளே மண்பாதையில் இறங்காதே. ஈரச் செம்மண்ணில் நீ போடுகிற ஒரு கோடு அடுத்த மழைக்கு ஓடையாகும், அதற்கடுத்த மழைக்குப் பள்ளமாகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுச் சாலையிலேயே மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது. தார்ச்சாலைக்கே அந்தக் கதி என்றால் ஒற்றையடிப் பாதை என்ன ஆகும்! பாதை அறுந்திருந்தால் ஒரு மண்வெட்டியோடு போய், தண்ணீர் வழிய ஓரத்தில் வாய்க்கால் வெட்டிக் கொடு. ஓட்டுகிறவர் பாதைக்குக் கொடுக்கும் வாடகை அது.

13. கடைசியாக வருகிறவருக்கும் ஓய்வு கொடு

எல்லாவற்றையும்விட நான் அதிகமாக வருந்துகிற தப்பு இது. இள வயதில் கூட்டமாகப் போவோம். நான் முதலில் ஏறிப் போய் வளைவில் நிழல் பார்த்து உட்காருவேன். பின்தங்கியவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். கடைசி ஆள் வந்ததும், "எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்பேன். காத்திருந்ததே பெரிய மனசு என்று எனக்குள் ஒரு நினைப்பு. பத்து நிமிஷம் ஓய்ந்தவன் நான்; அதிகம் களைத்தவனுக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. இப்படியே ஒவ்வொரு வளைவிலும். அப்படிக் கடைசியாக வந்துகொண்டிருந்த நண்பன் ஒருநாள் வருவதை நிறுத்திவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஐம்பது வயதில், இளைஞர்கள் நடுவே நான் கடைசி ஆளாக ஏறி வந்தபோது, என் பயிற்சியாளர் கிளம்ப எழுந்த எல்லோரையும் உட்காரச் சொன்னார். "ஐயா இப்பத்தான வந்திருக்காரு" என்றார். அப்போதுதான் அந்த நண்பனின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

நீ சீக்கிரமே நன்றாக ஓட்டுவாய், கண்ணு. என்னையும் முந்திப் போவாய். அப்போது பின்னால் ஏறி வருகிறவர் வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு சீராகி, அவராகவே எழுந்திருக்கும்வரை உட்கார்ந்திரு.

இந்த முறை நீ அடிவாரத்திலிருந்து வா. நான் இருபதாவது வளைவில் ஃப்ளாஸ்க்கில் டீயோடு இருப்பேன். நீ எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் சரி, வந்ததும் கிளம்ப மாட்டேன். முதலில் உட்கார், டீயைக் குடி, பிறகு போகலாம்.